சேர்ந்து பாட ஒரு வழி வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

டிஜிட்டல் தொழில்நுட்பம் இசையை எப்படி மாற்றிக்கொண்டிருக்கிறது என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். செயற்கை நுண்ணறிவுக் குரல்களைப் பற்றி அதில் விரிவாக எழுதியிருந்தீர்கள். மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது இருவரின் குரலையும் 2024இல் ஒரு படப்பாட்டில் கொண்டுவந்த ஏ.ஆர். ரகுமான், குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி ஊதியமும் கொடுத்ததாகச் சொன்னார். நல்ல முன்மாதிரி. அந்த விவாதம் நடக்கட்டும். நான் எழுத வந்தது, கட்டுரையின் கடைசிப் பத்தியில் போகிற போக்கில் வந்த ஒரு விஷயத்தைப் பற்றி. இணையவழி வகுப்பு வந்த பிறகு பாட்டு கற்றுக்கொள்ளத் தூரம் ஒரு தடையே இல்லை என்று முடித்திருந்தீர்கள். ஆறு வருஷமாகத் தினமும் அந்தத் தூரத்துக்கு எதிரில் உட்கார்ந்து பாடுகிறவள் நான். அதனால் சிலவற்றைச் சொல்ல வேண்டும்.

தஞ்சாவூர் மேலவீதிக்குப் பக்கத்தில் வீடு. அரசுப் பள்ளியில் இசை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தபோது, சாயங்காலம் கூடத்துக்கு வந்துகொண்டிருந்த பிள்ளைகள் ஒரே நாளில் நின்றுபோனார்கள். அக்கா மகன் என் போனில் ஒரு வீடியோ செயலியைப் போட்டுக் கொடுத்தான். அப்படித்தான் ஆரம்பித்தது. இன்றைக்கு நேரில் ஏழு பிள்ளைகள், திரையில் பதினோரு பிள்ளைகள். நியூஜெர்சி, டொராண்டோ, மெல்பர்ன், சிங்கப்பூர். நியூஜெர்சிப் பெண்ணுக்கு இரவு எட்டு மணி என்றால் எனக்கு விடிகாலை ஐந்தரை. நவம்பரில் அவர்கள் ஊரில் கடிகாரத்தைத் திருப்பி வைத்ததும் அது ஆறரை ஆகிவிடும்.

இதனால் வந்த நன்மையை மறைக்க மாட்டேன். கல்யாணம் ஆகி வெளியூர் போனதும் பாட்டை விட்டுவிடுகிற பெண்களை முப்பது வருஷமாகப் பார்த்தவள் நான். இப்போது அவர்களில் இருவர் கைக்குழந்தையோடு திரைக்கு முன்னால் வந்து உட்காருகிறார்கள். வீட்டில் தமிழே பேசாத குழந்தை தேவாரத்தை ளகரம் ழகரம் பிசகாமல் பாடுகிறது. கருவிகள் மேலும் எனக்குக் கோபம் இல்லை. பெங்களூருவைச் சேர்ந்த பொறியாளரும் புல்லாங்குழல் கலைஞருமான ராஜ் நாராயண் 1979இல் எலக்ட்ரானிக் தம்புராவைக் கொண்டுவந்தபோது பலர் முகம் சுளித்தார்கள். தம்புரா வாங்க வசதியில்லாத எத்தனையோ வீடுகளில் அந்தச் சின்னப் பெட்டிதான் சுருதி கொடுத்தது. எங்கள் வீட்டிலும்தான்.

சரி, இனி தூரத்துக்கு வருகிறேன்.

மெல்பர்ன் பையன் ஒருவன், அப்போது ஒன்பது வயது. எட்டு எண்ணிக்கைக்கு ஷட்ஜத்தில் கார்வை பிடிக்க, அதாவது ‘ஸ’ என்கிற சுரத்தை அசையாமல் நீட்டிப் பிடிக்கச் சொன்னேன். நான்கு எண்ணிக்கை வரை குரல் கணீரென்று வந்தது. அப்புறம் யாரோ கதவைச் சாத்துகிற மாதிரி தேய்ந்து, ஆறாவதில் ஒன்றுமே இல்லை. வாய் மட்டும் திறந்திருந்தது. மூச்சை விட்டுவிட்டு வாயை மட்டும் திறந்து வைத்திருக்கிறாய் என்று கடிந்துகொண்டேன். மூன்று வாரம் இப்படியே போனது. அவன் முகம் சுருங்கிப்போகும், எதிர்த்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டான். அவன் அம்மா பொறுத்துப் பார்த்துவிட்டு, அவன் பாடும்போது பக்கத்தில் இன்னொரு போனை வைத்துப் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். கேட்டேன். எட்டு எண்ணிக்கையும் முழுசாக இருந்தது. பத்து வரைகூடப் போயிருந்தான்.

அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறு வகுப்பில் முதல் வேலையாக அவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

என்ன நடந்தது என்று அக்கா மகன் விளக்கினான். இந்தச் செயலிகள் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. பேச்சு ஏறும், இறங்கும், நடுநடுவே விட்டு வரும். மாறாமல் ஒரே நிலையில் வருகிற ஓசை எதுவானாலும் மின்விசிறி, ஏசி என்று எடுத்துக்கொண்டு அடக்கிவிடும். நம் சங்கீதத்தில் அசையாமல் நிற்க வேண்டியவை சுருதியும் கார்வையும். இரண்டுமே அதன் கணக்கில் இரைச்சல். என் தம்புரா அந்தப் பக்கம் விட்டு விட்டுக் கேட்டதும், நான் நிறுத்தி நிறுத்தி மீட்டுகிறேன் என்று குழந்தைகள் நினைத்துக்கொண்டிருந்ததும் அப்புறம்தான் தெரிந்தது. நான் பயன்படுத்துகிற செயலியில் இசைக்கென்று ஒலியை அப்படியே விடுகிற ஓர் அமைப்பு இருக்கிறது. அது செட்டிங்ஸுக்குள் மூன்று படி உள்ளே ஒளிந்திருக்கிறது. இதைப் படிக்கிற பெற்றோர் முதலில் அதைத் தேடிப் போட்டுவிடுங்கள். இரண்டு பக்கமும் போட வேண்டும், ஒரு பக்கம் போதாது. இயர்போன் மாட்டிக்கொள்ளாமல் போட்டால் என் குரல் என்னிடமே எதிரொலியாகத் திரும்பி வரும். அதனால் வயர் வைத்த இயர்போன் வேண்டும். புளூடூத் தன் பங்குக்குக் கொஞ்சம் தாமதத்தைச் சேர்க்கும்.

இதுவரை சொன்னது தீர்க்கக்கூடிய தொல்லை. தாமதம் அப்படி இல்லை.

ஒரு நாள் நியூஜெர்சிப் பெண்ணோடு சோதித்துப் பார்த்தேன். "நான் தாளம் தட்டுகிறேன், அது உனக்குக் கேட்கிற அதே நேரத்தில் நீயும் தட்டு" என்றேன். ஆதி தாளம், நொடிக்கு ஓர் எண்ணிக்கை. அவள் சரியாகத்தான் தட்டினாள். என் காதில் விழுந்தது ஏறக்குறைய அரை நொடி கழித்து. அதாவது அரை எண்ணிக்கை. சமத்தில், அதாவது தாளத்தின் முதல் தட்டிலேயே எடுக்கிற பாட்டு, அரை இடம் தள்ளி எடுத்த பாட்டாக என்னிடம் வந்து சேருகிறது. அவளுக்காக நான் காத்திருந்தால், அவள் எனக்காகக் காத்திருப்பாள். இரண்டு ஆவர்த்தனத்துக்குள், அதாவது தாளம் இரண்டு சுற்று வருவதற்குள், காலப்பிரமாணம் என்கிற வேகம் பாதியாகிவிடும். அது போதாதென்று, இருவரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தால் செயலி ஒரு குரலை வைத்துக்கொண்டு மற்றதை அமுக்கிவிடும்.

வேகமான இணைப்பு வந்தால் இது சரியாகிவிடும் என்று பலரும் என்னிடம் சொல்கிறார்கள். ஆகாது. கடலுக்கடியில் போகிற கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். இங்கிருந்து நியூஜெர்சி 13,000 கிலோமீட்டருக்கு மேல். வயர் நேர்கோட்டில் கிடந்தாலே போக 65 மில்லி நொடி, வர 65 மில்லி நொடி. வயரோ ஊர் சுற்றிப் போகிறது. செயலி ஒலியைச் சுருக்க, பிரிக்க, சேர்க்க எடுத்துக்கொள்ளும் நேரம் தனி. சேர்ந்து பாடுகிறவர்களுக்குள் 25, 30 மில்லி நொடிக்கு மேல் இடைவெளி வந்தாலே ஒருவரையொருவர் பிடிக்கச் சிரமம். காற்றில் ஒலி அந்த நேரத்தில் ஏறக்குறைய 10 மீட்டர்தான் போகும். நல்ல பெரிய கூடத்தின் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனை. அதற்குள் உட்கார்ந்தால் சேர்ந்து பாடலாம். நியூஜெர்சியை யார் வந்தாலும் அந்தக் கூடத்துக்குள் கொண்டுவர முடியாது.

ஆகவே என்ன செய்கிறோம்? நான் ஒரு வரி பாடுவேன், அவள் கேட்பாள். அவள் பாடுவாள், நான் கேட்பேன். அவள் பாடும்போது என் மைக்கை அணைத்துவிட்டுக் கூடவே நானும் பாடுகிறேன். நாற்பது வருஷப் பழக்கம், குழந்தை பாடினால் வாய் சும்மா இருக்காது. விடிகாலை ஐந்தரை மணிக்கு, அவளுக்குக் கேட்காத பாட்டை நான் பாடிக்கொண்டிருக்கிறேன்.

இதனால் என்ன குறைந்துவிட்டது என்று போன ஆடி மாதம்தான் கண்ணால் பார்த்தேன். பள்ளி விடுமுறைக்கு அந்தப் பெண் தாத்தா வீட்டுக்கு வந்திருந்தாள். பதினோரு வயது. நான்கு வருஷமாக என்னிடம் கற்கிறாள், நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பாவாடை சட்டை போட்டுக்கொண்டு, கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து நமஸ்காரம் பண்ணினாள். எதிரில் உட்கார வைத்து மோகன வர்ணத்தை ஆரம்பித்தோம். நான் பாட ஆரம்பித்ததும் அவள் நிறுத்திவிட்டாள். தடுமாறிவிட்டாளோ என்று மறுபடி எடுத்தேன். மறுபடியும் என் குரல் வந்ததும் வாயை மூடிக்கொண்டு, கையை மடியில் வைத்து, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏம்மா, ஏன் நிறுத்துறே?" என்றேன். "நீங்க முடிக்கட்டும்னு, டீச்சர்" என்றாள்.

நான்கு வருஷத்தில் வேறு ஒரு குரலோடு சேர்ந்து அந்தக் குழந்தை ஒரு வரிகூடப் பாடியது இல்லை. ஒருவர் பாடினால் மற்றவர் நிறுத்த வேண்டும் என்பதுதான் சங்கீதத்தின் விதி என்று நினைத்திருக்கிறாள். நான்தான் அப்படிப் பழக்கியிருக்கிறேன். வேறு வழியும் இல்லை.

அப்போது என்னிடம் நேரில் கற்கிற உள்ளூர்ப் பெண்ணும் உட்கார்ந்திருந்தாள். அவள் அப்பா கீழவாசலில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். சுரத்தை எழுதிவைத்துப் படிக்கிற பழக்கம் இவளுக்குக் குறைவு, ஞாபகமும் அவ்வளவு கூர்மை இல்லை. ஆனால் வரியை மறந்துவிட்டால் என் வாயைப் பார்த்துக்கொண்டே ஒரு நூலிழை பின்னால் ஒட்டிக்கொண்டு வருவாள், அடுத்த சொல்லில் சேர்ந்துவிடுவாள். நியூஜெர்சிப் பெண்ணுக்கு வர்ணம் முழுவதும் மனப்பாடம், தாளமும் பிசகாது. நடுவில் ஒரு சொல் தப்பினால் மட்டும் அப்படியே நின்றுவிடுவாள். ஓடுகிற பாட்டில் மறுபடி ஏறிக்கொள்ள அவளுக்குத் தெரியவில்லை.

சேர்ந்து பாடும்போது காது செய்கிற வேலை ஒன்று இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தோடி ராகத்தில் காந்தாரம், அதாவது ‘க’ என்கிற சுரம், ஓர் இடத்தில் நிற்காது. கீழே இருக்கிற ரிஷபத்துக்கும் மேலே இருக்கிற மத்யமத்துக்கும் நடுவில் அசைந்துகொண்டே இருக்கும், அந்த அசைவுதான் தோடி. என் டொராண்டோ மாணவி போனில் சுருதி காட்டும் செயலி வைத்திருக்கிறாள். ஸ்தாயியை, அதாவது ஒரு ‘ஸ’விலிருந்து மேல் ‘ஸ’ வரை உள்ள தூரத்தை, பன்னிரண்டு சமமான படிகளாகப் பிரித்து, படியில் நின்றால் பச்சை, விலகினால் சிவப்பு என்று காட்டுவது அது. தோடி சொல்லிக்கொடுத்த அன்று அவள் கலங்கிப்போய், "டீச்சர், நீங்க பாடினாலும் ரெட்னுதான் காட்டுது" என்றாள். அந்தச் செயலி தம்புராவைச் சுருதி கூட்ட உதவும். தோடிக் காந்தாரத்தை அளக்க அதனால் ஆகாது.

எனக்கு அது எப்படி வந்தது? திருவையாற்றில் எங்கள் டீச்சரம்மா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பாடுவார். நானும் கூடவே பாடுவேன். ஒரே சுரத்தை இரண்டு குரல் பிடிக்கும்போது, மயிரிழை விலகினாலும் நடுவில் ஒரு துடிப்பு கேட்கும். நெருங்க நெருங்க அந்தத் துடிப்பு மெதுவாகும், ஒட்டியதும் நின்றுவிடும். என் குரல் எங்கே முடிகிறது, அவர் குரல் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாமல் போகும். அந்த நிமிஷம்தான் சரியாகப் பாடினேன் என்று எனக்குத் தெரியும். "சரியா இருக்கு" என்று அவர் வாயால் சொன்னது ரொம்பக் குறைவு. சொல்ல வேண்டியதே இல்லை, காதுக்கே தெரிந்துவிடும். திரையில் கற்கிற பிள்ளைகளுக்கு நான் ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டியிருக்கிறது: கொஞ்சம் மேலே, இன்னும் கீழே, இப்போது சரி. அவர்கள் என் வார்த்தையை நம்பிப் பாடுகிறார்கள், தங்கள் காதை நம்பிப் பாட நான் கற்றுத்தரவில்லை. ராத்திரி படுத்தால் இந்த எண்ணம்தான் வருகிறது.

தை மாதம் திருவையாற்றில் தியாகராஜ ஆராதனைக்கு வந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். சமாதிக்கு முன்னால் எதிரெதிர் வரிசையாக நூற்றுக்கணக்கானவர்கள் உட்கார்ந்து நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்கிற ராகங்களில் தியாகராஜர் செய்த ஐந்து கீர்த்தனைகளையும் பாடுகிறார்கள். ஐந்தும் ஆதி தாளம். அங்கே வருகிற எல்லோருக்கும் எல்லாச் சரணமும் தெரியாது. பக்கத்தில் இருப்பவரின் தோளை ஒட்டி உட்கார்ந்து, அவர் குரலைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். என் உள்ளூர்ப் பிள்ளைகளில் பாதிப்பேர் வராளியைக் கற்றது அந்த வரிசையில்தான்.

2020இல் எங்கள் பெற்றோர் சிலர் ஆசைப்பட்டு, குழந்தைகள் எல்லோரும் சேர்ந்து பாடுகிற மாதிரி ஒரு வீடியோ செய்யச் சொன்னார்கள். கட்டம் கட்டமாக முகங்கள் தெரியுமே, அந்த மாதிரி. 2010லேயே அமெரிக்க இசையமைப்பாளர் எரிக் விடேக்கர் 12 நாடுகளில் இருந்த 185 பேரை வைத்து இப்படி ஒரு சேர்ந்திசையைச் செய்திருந்தார், உலகமே வியந்து பார்த்தது. நாங்களும் ஒன்பது பிள்ளைகளை வைத்துச் செய்தோம். ஒவ்வொருவரும் அவரவர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, காதில் டிக் டிக் என்று தாள ஒலியைக் கேட்டுப் பாடி அனுப்பினார்கள். அக்கா மகன் நான்கு ராத்திரி உட்கார்ந்து ஒட்டினான். அழகாகவே வந்தது. சொந்தக்காரர்கள் பாராட்டினார்கள். ஆனால் பாடியபோது அந்த ஒன்பது பேரில் ஒருவர்கூட இன்னொருவர் குரலைக் கேட்கவில்லை.

இனி என் வேண்டுகோள். வெளிநாட்டுத் தூரத்துக்கு மருந்து கிடையாது. அந்தப் பெற்றோரிடம் நான் கேட்பது இதுதான்: விடுமுறைக்கு வரும்போது குழந்தையை ஒரு மாதமாவது டீச்சர் வீட்டில் தினமும் விடுங்கள். அதுவும் முடியாவிட்டால், உங்கள் ஊரிலேயே கற்கிற இன்னொரு குழந்தையோடு வாரம் ஒரு நாள் ஒரே அறையில் உட்கார வைத்துப் பாடச் சொல்லுங்கள். யாரிடம் கற்கிறது என்பது முக்கியம் இல்லை, இரண்டு குரல் இருந்தால் போதும். இணையவழியில் இசைத் தேர்வு நடத்துகிறவர்களும் யோசிக்க வேண்டும். தனியாகப் பாடிக் காட்டினால் மதிப்பெண் கொடுக்கிறீர்கள். இன்னொருவரோடு ஒரே அறையில் பாடியதைப் பதிவு செய்து அனுப்பவும் கேளுங்கள்.

நம் மாநிலத்துக்குள் மட்டும் ஒரு பெரிய காரியம் நடக்க முடியும். தாமதத்தைக் குறைத்து, ஒலியைச் சுருக்காமல் அப்படியே அனுப்புகிற மென்பொருள்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் கிறிஸ் சேஃப் குழுவினர் உருவாக்கிய ஜேக்டிரிப் அப்படி ஒன்று. இலவசம். வைஃபையில் சரியாக வராது, கணினிக்கு வயர் இணைப்பும் தனி மைக்கும் வேண்டும். பல்லாயிரம் கிலோமீட்டர் தாண்டி அதனாலும் ஒன்றும் செய்ய முடியாது. கிருஷ்ணகிரிக்கும் தஞ்சாவூருக்கும் நடுவில் முடியும். வயர் சென்னை சுற்றிப் போனால்கூட ஒளி வந்துசேர நான்கைந்து மில்லி நொடிதான் ஆகும். மீதி, இரண்டு முனையிலும் இருக்கிற கருவியின் தரம்.

தமிழ்நாட்டில் கலை பண்பாட்டுத் துறையின்கீழ் 17 மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் இருக்கின்றன. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம் எல்லாம் சொல்லிக்கொடுக்கிறார்கள். சென்னை, மதுரை, கோவை, திருவையாறு என்று நான்கு ஊர்களில் அரசு இசைக் கல்லூரிகள். பாரத்நெட் திட்டத்தில் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை வயர் கொண்டுபோகும் பொறுப்பு தமிழக அரசின் டான்பிநெட் நிறுவனத்திடம் இருக்கிறது. இந்தப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் ஒவ்வோர் அறையை மட்டும் ஒதுக்கி, வயர் இணைப்பு, இரண்டு மைக், ஒரு நல்ல கணினி என்று வைத்துக் கொடுத்தால், திருவையாற்று ஆசிரியரோடு கிருஷ்ணகிரிப் பிள்ளை ஒரே தாளத்தில் பாடும். நாதசுரம் கற்கிற பையன் தவிலோடு பழகலாம். அவன் ஊரில் தவில் ஆசிரியர் இல்லாமல் இருக்கலாம், பக்கத்து மாவட்டத்தில் இருப்பார். முதலில் இரண்டே ஊர்களில் ஆறு மாதம் நடத்திப் பார்க்கட்டும். எந்த ஊரில் ஆள் தேவை என்றாலும் நான் வருகிறேன், சம்பளம் வேண்டாம்.

இந்தக் கடிதத்தை எழுதும்போதே மெல்பர்ன் வகுப்புக்கு நேரமாகிவிட்டது. அன்றைக்குக் கார்வைக்காகத் திட்டு வாங்கிய அதே பையன், இப்போது பதினைந்து வயது, குரல் உடைந்து நன்றாகக் கனத்துவிட்டது. டிசம்பரில் குடும்பத்தோடு வருகிறார்கள், ஆராதனை முடிந்த மறுநாள்தான் விமானம். வரிசையில் அவனை என் வீட்டுக்காரருக்குப் பக்கத்தில் உட்கார வைப்பதாகச் சொல்லியிருக்கிறேன். நாட்டைக் கீர்த்தனையில் எட்டுச் சரணம் வந்திருக்கிறோம். இன்னும் இரண்டு பாக்கி.

இப்படிக்கு,
ஓர் இசை ஆசிரியை (ஓய்வு),
தஞ்சாவூர்.